கைக்கு ‘ங்க’ கிடையாது

குளிரைப் பற்றிப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள். சிக்னல்காரருக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. “ஒரு கையுறை வாங்கிப் போட்டுக்கக் கூடாதா?” என்பார்கள், ஏதோ உலகத்தில் கையுறை என்று ஒரு பொருள் இருப்பதே அவருக்குத் தெரியாத மாதிரி. சொல்கிறவன் எதில் வந்து இறங்கினான் என்று பார்த்தால் பஸ்ஸாக இருக்கும், இல்லை காராக இருக்கும். இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்பான். அந்தக் கையை வெளியே எடுக்காமலே புத்தி சொல்வான்.

அவருடைய மோட்டார் சைக்கிள் பழசு. முன்னால் காற்றைத் தடுக்க ஒரு தகடு கிடையாது. மலை ஊர். வீட்டிலிருந்து வேலைக்கு வர ஒரே சாலைதான். அதில் பாதி ஏரிக்கரை. கரையில் ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. தண்ணீரைத் தடவிக்கொண்டு வருகிற காற்று நேராக விரல் நுனியில் வந்து உட்காரும். முதலில் கடிக்கும். அப்புறம் எரியும். அப்புறம் ஒன்றும் தெரியாது. அந்த ஒன்றும் தெரியாததுதான் மோசம். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று குனிந்து கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியை நிறுத்திய பிறகும் கை ஹேண்டிலை விடாது. ஒரு கை இன்னொரு கைக்கு உதவலாம் என்றால் அதுவும் அங்கே மாட்டிக்கொண்டுதான் இருக்கும். பல்லால் கையுறையைக் கவ்வி இழுத்து, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பார். பார்த்தால் யாரோ ஒருவருடைய கை மாதிரி இருக்கும்.

வேறு வேலையாக இருந்தால் பரவாயில்லை. மண் சுமந்தால் தானே சூடு ஏறிவிடும். இவர் செய்வது கையைக் காட்டும் வேலை. உயரமாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அதைவிட உயரமாக ஒரு டவர் கிரேன். மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே நடப்பது எறும்பு ஊர்வது மாதிரித்தான் தெரியும். கீழே நிற்கும் சிக்னல்காரர் சொன்னால்தான் அவன் தூக்குவான், இறக்குவான். ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து வீசினால் நிறுத்து. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்தால், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுச் சும்மா இரு. அவ்வளவுதான் அவர்கள் பாஷை. அந்தப் பாஷைக்கு விரல் மடங்கவும் வேண்டும், நீளவும் வேண்டும்.

மேலே கூண்டில் இருப்பவனை எல்லோரும் ‘ஆகாசம்’ என்று கூப்பிட்டார்கள். சிக்னல்காரர் எந்தப் பேராலும் கூப்பிடுவதில்லை. அவன் அவருடைய மச்சினன், மனைவியின் சொந்தத் தம்பி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இத்தனைக்கும் அவனை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவரே அவர்தான். அப்போது “வாங்க மாமா, போங்க மாமா, சாப்பிட்டீங்களா மாமா” என்று வாயில் தேன் ஒழுகும். செங்கல் தூக்கிக்கொண்டிருந்தவன் கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டான், லைசென்ஸ் வாங்கினான், மேலே ஏறினான். ஏறிய வாரமே, டீக் கொட்டகையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, வாசலில் நின்று, “யோவ் சிக்னல், நாளைக்குச் சீக்கிரம் வா” என்றான்.

சிக்னல்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ‘வா’வுக்குப் பின்னால் ஒரு ‘ங்க’ வரும் என்று. ஒட்ட வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வரவில்லை. டீயைக் கீழே வைத்தார். அன்றோடு வாயை மூடினார்.

“வாய் தவறி வந்திருக்கும்ங்க. அவன் சின்னவன்” என்றாள் மனைவி.

“சின்னவன்தான். அதான் நானும் சொல்றேன். அதை அவன்கிட்டச் சொல்லு.”

“நீங்க ஒரு வார்த்தை பேசினா முடிஞ்சு போச்சு.”

“நானா? நான் எதுக்குப் பேசணும்? அவன் வந்து மாமான்னு கூப்பிடட்டும். அப்புறம் நான் பேசறதா வேணாமான்னு யோசிக்கிறேன்.”

இதில் வேடிக்கை என்னவென்றால், வேலைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. நாள் முழுக்க இருவரும் கையால் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது. வாயைத் திறந்தால் நம் பாஷையில் ஒரு சங்கடம் உண்டு. தூக்கு என்பதா, தூக்குங்க என்பதா? முதல் வார்த்தையிலேயே எதிரில் இருப்பவன் மேலா கீழா என்று முடிவு கட்டியாக வேண்டும். கைக்கு அந்தத் தொல்லை இல்லை. விரலைச் சுற்றினால் சுற்றியதுதான். அதில் ‘ங்க’வும் இல்லை, ‘டா’வும் இல்லை. அவனை மதிக்கவும் வேண்டாம், மதிக்காததற்கு யாரும் கேள்வி கேட்கவும் வேண்டாம். அவமதிப்பை இவ்வளவு சுத்தமாகச் செய்ய வேறு வழி கிடையாது.

குளிர் வந்துதான் அதில் மண்ணைப் போட்டது.

காலையில் வந்து நின்றதும் விரல் நீளாது. அவர் என்ன செய்வார், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் பரபரவென்று தேய்ப்பார். தேய்த்த கையை வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு ஊதுவார். கோத்த மறுநிமிஷம் கிரேன் நின்றுவிடும். கம்பிக் கட்டு பாதி வானத்தில் தொங்கும். மேலே இருப்பவனுக்கு அவர் குளிருக்குத்தான் தேய்க்கிறார் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் சிக்னல் என்றால் சிக்னல். எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சும்மா இரு என்றால் சும்மா இருக்க வேண்டியதுதானே? கண்ணாடிக்குப் பின்னால், ஹீட்டர் சூட்டில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கீழிருந்து பார்த்தால் பல் தெரியாது. ஆனாலும் சிக்னல்காரருக்குத் தெரிந்தது.

கீழே கம்பி கட்டுகிறவர்கள் கத்துவார்கள். “யாருய்யா நிறுத்தினது?”

“மாமாவும் மச்சினனும் கும்பிடு போட்டுக்கறாங்கப்பா. கொஞ்சம் இருங்க.”

இதெல்லாம் என்ஜினியர் காதுக்குப் போயிற்று. அவர் வேலைக்குப் புதுசு, தொப்பியும் புதுசு. எந்தப் பிரச்சினைக்கும் ஒரு பொருள் வாங்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற வகை. “கையே வேணாம். ஆளுக்கு ஒரு வாக்கி டாக்கி தர்றேன். பேசிக்கங்க” என்றார்.

சிக்னல்காரர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“கை சரியா வரும் சார். குளிருக்குக் கொஞ்சம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.”

“எப்ப சரியா வரும்?”

“வரும் சார்.”

“மொட்டை மாடிக்குத் தண்ணித் தொட்டி ஏத்துற அன்னிக்கு முதலாளிங்க பார்க்க வர்றாங்க. அன்னிக்குக் காலையில முதல் தூக்கு அதான். அன்னிக்கு உங்க கை ஒழுங்கா வேலை செஞ்சா, கை. இல்லன்னா வாக்கி டாக்கி. சரியா?”

சரி என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது. அன்றிலிருந்து அவருடைய கவலையெல்லாம் கையில் வந்து நின்றது. தொட்டி ஏறும் காலையில் இந்தப் பத்து விரலும் சூடாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பயலிடம் அவர் வாயைத் திறந்தாக வேண்டும்.

வாக்கி டாக்கியில் எப்படிச் சமாளிப்பது என்றும் யோசித்துப் பார்த்தார், யோசிக்காமல் இல்லை. மேலே, கீழே, இடது, வலது, மெதுவா, போதும். இதற்கெல்லாம் மரியாதை தேவைப்படாது. நிறுத்துவதற்கு ‘ஸ்டாப்’ இருக்கிறது. இங்கிலீஷ்காரனுக்கு எல்லோரும் ஒரே தட்டு. குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்தார். “மேலே… மேலே… மெதுவா… போதும்.” வெளியே மனைவி, “என்னங்க பண்றீங்க உள்ளே?” என்றாள். அதற்குமேல் அந்த யோசனை வளரவில்லை. எப்படிச் சொன்னாலும் முதலில் வாயைத் திறந்தவர் அவர் என்றுதானே ஆகும்?

ஆகவே கையைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். ஊரில் உள்ள அத்தனை முட்டாள்களும் அதில் நிபுணர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒருவன் கையுறைக்குள் பிளாஸ்டிக் பை போட்டுக்கொள்ளச் சொன்னான். காற்று நுழையவில்லை, உண்மைதான். ஆனால் வியர்வையும் வெளியே போகவில்லை. ஏரிக்கரை வந்ததும் அந்த வியர்வை ஐஸாக மாறியது; கையைத் தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டு வண்டி ஓட்டிய மாதிரி வந்து சேர்ந்தார். இன்னொருவன் நிற்கிற இடத்திலெல்லாம் என்ஜினைத் தொடு என்றான். தொட்டார். கை மரத்துப்போயிருந்ததால் சூடு தெரியவில்லை; கையுறை கருகும் நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரன் ஒருவன் பேட்டரியில் சூடாகும் கையுறையைக் காட்டி அதன் விலையையும் சொன்னான். விலையைக் கேட்டதிலேயே உடம்பு சூடாகிவிட்டது, கையுறை தேவைப்படவில்லை.

நடுவில் ஒருநாள் மனைவி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பிரித்தால், நல்ல தோல் கையுறை. உள்ளே மெத்தென்று ரோமம்.

“யார் கொடுத்தது?”

“யாரோ கொடுத்தாங்க. போட்டுக்கங்களேன்.”

“யாரோன்னா?”

அவள் பொட்டலக் காகிதத்தை மடித்தாள். தம்பிதான் என்று அவருக்குப் புரிந்தது.

“கார்ல போறவனுக்குக் கையுறை எதுக்கு? அதான் தானம் பண்றான். அடுப்புல பாத்திரம் இறக்க வச்சுக்கோ. பிடிதுணி கிழிஞ்சு போச்சுன்னு சொன்னியே.”

அவளும் சளைத்தவள் இல்லை. அன்றைக்கே அதைப் போட்டுக்கொண்டு அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கினாள். அப்புறம் தினமும் அவர் கண் முன்னாலேயே இறக்கினாள். “எவ்வளவு கதகதப்பா இருக்கு தெரியுமா” என்று சட்டியிடம் சொல்வாள்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலி எண்ணெய் கேன் இரண்டை எடுத்து, அடியை வெட்டி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ஹேண்டிலின் இரண்டு பக்கமும் கம்பியால் கட்டினார். கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியது. காற்று கேன் மேல் மோதிவிட்டுப் போய்விடும். பார்க்க வண்டிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி இருந்தது. வழியில் சிரித்தார்கள். “என்ன அண்ணே, எண்ணெய் லிட்டர் என்ன விலை?” என்றார்கள். சிரிக்கட்டும். உள்ளே கம்பளிக் கையுறை, அதற்கு மேல் பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ரப்பர் உறை. அழகு பார்க்கவா வண்டி ஓட்டுகிறோம்?

முக்கால் கிணறு தாண்டியாயிற்று. மீதிக் கால் கிணற்றைத் தாண்ட வைத்தது வேலையிடத்துக் காவல்காரர். கேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, கழுத்தை ஏன் திறந்து போட்டிருக்கீங்க?” என்றார்.

“நான் கைக்கு வழி தேடறேன். நீங்க கழுத்தைப் பத்திப் பேசறீங்க.”

“கழுத்து வழியா நெஞ்சுக்குள்ள காத்து போச்சுன்னா, உடம்பு தன்னைக் காப்பாத்திக்கப் பார்க்கும். கையைக் கைவிட்டுடும்.”

வாசலில் உட்கார்ந்து கதவைத் திறந்து மூடுகிறவருக்கு உடம்பு என்ன நினைக்கிறது என்று எப்படித் தெரியும் என்று அவர் மனசுக்குள் ஏளனமாகச் சிரித்தார். மறுநாள், யாருக்கும் சொல்லாமல், மனைவியின் சால்வையைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, நெஞ்சுக்கு மேல் செய்தித்தாளை மடித்து வைத்து, அதற்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வந்து இறங்கியதும் விரலை நீட்டினார். நீண்டது. மடக்கினார். மடங்கியது. காவல்காரரிடம் அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

தொட்டி ஏறும் நாள் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அதைவிட மோசமான காலை கிடையாது. ஏரி ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. சிக்னல்காரர் கேனுக்குள் கையை விட்டுக்கொண்டு, ராஜா மாதிரி போனார். வழக்கமாக அந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு கார் வரும், ஹாரன் அடிக்காமல் அவரைத் தாண்டும், கண்ணாடி ஏற்றியிருக்கும். உள்ளே இருப்பவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அவரும் பார்க்க மாட்டார். பார்க்காமலே அவன் என்ன சட்டை போட்டிருக்கிறான் என்றுகூடச் சொல்வார்.

அன்றைக்குக் கார் முன்னாலேயே நின்றிருந்தது. பானெட் தூக்கி வைத்திருந்தது. அதன் பக்கத்தில் ஆகாசம் தரையில் நின்றிருந்தான். மெல்லிசாக ஒரு கோட்டு. குளிருக்குப் போட்ட கோட்டு இல்லை, முதலாளிகள் பார்ப்பதற்குப் போட்டது.

சிக்னல்காரர் அவனைத் தாண்டிப் போனார். போகும்போது மனசு எவ்வளவு நிறைந்தது என்று சொல்லி முடியாது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும்தான் ஒன்று உறைத்தது. கிரேன் ஓட்டுகிறவன் வராவிட்டால் தொட்டி ஏறாது. தொட்டி ஏறாவிட்டால் கையை யார் பார்ப்பது? இவ்வளவு பாடுபட்டுச் சூடாக்கிய கை வீணாகப் போகும். இன்னொரு நாள் இதே மாதிரி அமையும் என்று என்ன நிச்சயம்?

வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைக் கேனிலிருந்து உருவி, பின் சீட்டுக்கு நேராக, ஆட்காட்டி விரலைக் கீழே நீட்டிச் சுற்றினார்.

இறக்கு.

காலடிச் சத்தம் ஓடி வந்தது. வண்டி ஒரு முறை அமுங்கியது. மஞ்சள் ரப்பர் விரல் சொன்னது அவனுக்கும் புரிந்துதான் இருந்தது.

பின்னால் உட்கார்ந்தவன் முன்னால் இருப்பவரைப் பிடித்துக்கொள்வதுதான் உலக வழக்கம். இவன் பிடிப்பானா? பேச்சுவார்த்தை இல்லாதவரின் இடுப்பை எப்படிப் பிடிப்பது? கையைப் பின்னால் கொண்டுபோய், சீட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். வெறுங்கை. நல்ல கையுறை ஒன்று இருந்தது; அது அக்காள் வீட்டில் சட்டி இறக்கிக்கொண்டிருந்தது. சிக்னல்காரர் கண்ணாடியில் பார்த்தார். காற்றில் அவன் முகம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் அழுகிற குழந்தை மாதிரி ஆயிற்று. நிறுத்தி, ரப்பர் உறையையாவது கழற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. காற்று வாங்கட்டும் என்று விட்டுவிட்டார். அதோடு, நேரான ரோட்டில் கொஞ்சம் வேகமாகவும் போனார்.

வேலையிடத்தில் முதலாளிகள் வந்து இறங்கியிருந்தார்கள். புதுத் தொப்பிகள் வரிசையாக நின்றன. என்ஜினியர் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். சிக்னல்காரர் கையுறைகளை உருவினார். பத்து விரலும் ரோஜா நிறத்தில், சொன்னபடி கேட்டன. ஒரு தடவை தூக்கு, ஒரு தடவை இறக்கு, ஒரு தடவை நிறுத்து காட்டிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்குக் காற்று அவர் பக்கம்தான் அடித்தது.

“ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. ஏறுங்க, ஏறுங்க, எல்லாரும் காத்திருக்காங்க” என்று என்ஜினியர் ஆகாசத்தைத் தள்ளாத குறையாக அனுப்பினார்.

ஆகாசம் கையைக் கக்கத்தில் வைத்திருந்தான். வெளியே எடுத்துக் காட்டவில்லை. சிக்னல்காரர் அங்கே நிற்கும்போது கை மரத்துவிட்டது என்று எப்படிச் சொல்வான்? இத்தனை நாளும் எதைப் பார்த்து மேலே உட்கார்ந்து சிரித்தானோ அதுவே தனக்கு வந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வான்? விறுவிறுவென்று போய் கிரேனின் அடியில் ஏணியில் காலை வைத்தான்.

இரும்பு ஏணி. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். ஒரு படி, இன்னொரு படி. சிக்னல்காரர் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் படியைச் சுற்றிப் பிடிக்கவில்லை. மணிக்கட்டை வளைத்துக் கொக்கி மாதிரி மாட்டித்தான் ஏறினான். அந்த வளைவை அவர் அறிவார். பிடித்திருக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும் கை அது. ஏறுகிறவன் கையைப் பார்ப்பதில்லை, மேலேதான் பார்ப்பான்.

அவர் சூடான கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து, வீசினார். நிறுத்து. எவ்வளவு துல்லியமான சிக்னல்! அந்தக் குளிர்காலத்திலேயே அவர் கொடுத்த நல்ல சிக்னல் அதுதான். ஆனால் ஏணியில் ஏறுகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறுகிறான். முதுகுக்குக் கண் ஏது?

மறுபடி வீசினார். அவன் இன்னொரு படி ஏறினான்.

“டேய்! இறங்குடா!”

யார் கத்தியது என்று அவரே ஒரு கணம் பார்த்தார். எடை போட்டு வைத்திருந்த எந்த வார்த்தையும் வரவில்லை. ‘ங்க’வும் வரவில்லை, மரியாதை தேவைப்படாத அந்தக் குளியலறை வார்த்தைகளும் வரவில்லை. புதுத் தொப்பிகள் எல்லாம் திரும்பின.

ஏணியில் இருந்தவன் விறைத்து நின்றான். திரும்பிப் பார்க்க ஒரு கையை எடுத்தான். இன்னொரு கை அதற்காகவே காத்திருந்த மாதிரி வழுக்கியது. முழங்கையை ஏணிக்குள் விட்டு மாட்டிக்கொண்டான். கால் காற்றில் ஆடியது. உயரம் அதிகம் ஏறியிருக்கவில்லை என்பதால் பிழைத்தான். கம்பி கட்டுகிறவர்கள் ஓடி, காலைப் பிடித்து, மூட்டை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள்.

தரையில் கால் பட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி: “என்னய்யா, எல்லார் முன்னாடியும் டேய் போடுற?”

“கையை நீட்டு.”

“எதுக்கு?”

“நீட்டுடா. மூடு பாப்போம்.”

நீட்டினான். மூட வரவில்லை. விரல்கள் பாதியில் நின்று நடுங்கின.

“இதை வச்சுக்கிட்டு அவ்வளவு உயரம் ஏறி எங்க போறதா உத்தேசம்? சொர்க்கத்துக்கா? உங்க அக்காகிட்ட யாரு போய்ச் சொல்றது, நானா?”

என்ஜினியர் ஓடி வந்தார். “என்ன ஆச்சு? ஏன் இறக்கினீங்க?”

“கை மரத்துப்போச்சு சார். கொஞ்ச நேரம் தீக்கிட்ட நிக்கட்டும்.”

“தொட்டி?”

“தொட்டிக்குக் குளிராது சார்.”

பழைய பீப்பாய் ஒன்றில் மரத்துண்டுகள் எரிந்துகொண்டிருந்தன. இருவரும் அதன் பக்கத்தில் நின்றார்கள். ஆகாசம் கையை நெருப்புக்கு நேராக நீட்டினான்.

“மூளை இருக்கா உனக்கு? தோல் வெந்தாலும் இப்பத் தெரியாது. கக்கத்துலயே வை. தானா வரட்டும்.”

“எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசாத. வழியில நிறுத்திக் கேட்டிருக்கலாம்ல, குளிருதான்னு.”

“நீ என்னைப் பிடிச்சிருக்கலாம்ல? இரும்பைப் பிடிச்ச. இரும்பு உனக்கு மாமாவா?”

“பிடிச்சா தொலைஞ்சேன். அதையே ஊர் பூரா சொல்லுவ.”

“சொல்லுவேன். அதுக்கென்ன? நீ என்னை யோவ்னு கூப்பிட்டதை ஊர் பூரா கேட்கல?”

ஆகாசம் தரையைப் பார்த்தான். “மேல ஏறினப்புறமும் மாமா மாமான்னா, மாமா சிபாரிசுல வந்தவன்னு சிரிக்கிறாங்க.”

“சிபாரிசுலதானடா வந்த!”

மரக்கட்டை ஒன்று வெடித்தது. விரலுக்குள் ரத்தம் திரும்பி வருவது ஊசி குத்துவது மாதிரி வலிக்கும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். சிக்னல்காரர் அந்த முனகலை ஆசையாகக் கேட்டார்.

“வலிக்குதா?”

“செத்துப் போயிடுவேன் போலிருக்கு.”

“எனக்குத் தினமும். மேல உக்காந்து சிரிச்சியே.”

“சிரிச்சேன்தான். கீழ நீ தேய்க்கறதைப் பார்த்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது?”

இத்தனை மாதம் சேர்த்து வைத்த பேச்சு ஒரே நாளில் தீருமா? தீரவில்லை. லைசென்ஸ் பரீட்சையில் அவன் தோற்ற கதை வந்தது. இவருடைய வண்டியின் வயசு வந்தது. எண்ணெய் கேன் வந்தது. அந்தக் கோட்டு வந்தது. கம்பி கட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று கேட்டார்கள். என்ஜினியரும் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, இரண்டு வாக்கி டாக்கியை எடுத்து வந்து ஆளுக்கு ஒன்றாக நீட்டினார்.

சிக்னல்காரர் கையை முன்னால் நீட்டி விரல்களை விரித்தார். “சார், கை நல்லாத்தான் இருக்கு. நீங்களே பாருங்க. நம்ம பேச்சு என்ன?”

“இவ்வளவு நல்லா வாய் இருக்கும்போது கை எதுக்குங்க?” என்றார் என்ஜினியர்.

அவ்வளவுதான். எதற்காக இந்தக் குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டாரோ, அது போயிற்று. கை சூடாக இருந்தும் போயிற்று. அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கி, ஏதோ செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி வாலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆகாசம் ஏறினான், இந்த முறை விரலால் பிடித்து. தொட்டி மெல்ல எழும்பியது. வாக்கி டாக்கியில் இருவரும் பேசியதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

“இடது பக்கம். உன் இடது இல்லடா, என் இடது.”

“உன் இடது எனக்கு எப்படித் தெரியும்? கையைக் காட்டு.”

“கையைத்தான் பிடுங்கிட்டாங்களே. மெதுவா. மெதுவான்னா மெதுவா. நீ பரீட்சை எழுதின மாதிரி பாதியில தொங்க விடாத.”

“யோவ், நீ நகர்ந்து நில்லு முதல்ல. தொட்டிக்கு அடியில நிக்கற.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நின்றுதான் இருந்தார். பேச்சுச் சுவாரசியத்தில் கவனிக்கவில்லை. ஒன்றும் நடக்காதவர் மாதிரி நகர்ந்தார்.

தொட்டி மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தது. முதலாளிகள் கை தட்டினார்கள். கையுறை போட்டுக்கொண்டு தட்டியதால் சத்தமே வரவில்லை.

சாயங்காலம் கார் இன்னும் ஏரிக்கரையிலேயே நின்றிருந்தது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம். ஆகாசம் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்று, பின் சீட்டைத் துடைத்தான்.

சிக்னல்காரர் சாவியை அவன் கையில் போட்டார். “நீ ஓட்டு.”

“நானா? எனக்குக் கையுறை இல்ல.”

“கேன் இருக்கு. ரப்பர் இருக்கு. போட்டுக்க.”

“இந்த மஞ்சளையா? பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“முட்டாள்னு நினைப்பாங்க. அது அவங்களுக்கு முன்னாடியே தெரியும். ஏறு.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டான். சிக்னல்காரர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். இரும்புச் சட்டத்தின் பக்கம் அவர் கை போகவில்லை. அந்த மாதிரி பைத்தியக்காரத்தனமெல்லாம் அவருக்குக் கிடையாது. இரண்டு கையையும் முன்னால் கொண்டுபோய், அவனுடைய கோட்டுப் பாக்கெட்டுகளுக்குள் விட்டார். கோட்டு மெல்லிசுதான். ஆனால் உள்ளே ஆள் சூடாக இருந்தான்.

“ஏய், கூசுது.”

“ரோட்டைப் பாரு.”

வண்டி கரைக்கு ஏறியது. காற்று வந்தது. முன்னால் இருந்த தலை தோளுக்குள் ஒடுங்கியது. என்னவோ திட்டியது, காற்றில் கேட்கவில்லை. வலது பாக்கெட்டில் ஒரு மிட்டாய் இருந்தது. சிக்னல்காரர் பாக்கெட்டுக்குள்ளேயே காகிதத்தைப் பிரித்தார். விரல்கள் ரொம்ப நன்றாக வேலை செய்தன. எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். காகிதத்தை அவன் பாக்கெட்டிலேயே விட்டார்.